மாடல் ரயிலை எதைக் கொண்டு ஓட்டுவது? கைப்பெட்டியா, செல்போனா, கம்ப்யூட்டரா?



வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது முன்பெல்லாம் சாக்லெட்டும் சென்ட்டும் கொண்டு வருவார்கள். இப்போது நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் மாடல் ரயில் செட்டும் வந்து இறங்குகிறது. பேரன் பேத்திகளுக்கு ஒரே கொண்டாட்டம். தண்டவாளத்தை வட்டமாக மாட்டி முடித்த பிறகுதான் கேள்வி பிறக்கிறது. இதைக் கையில் பிடிக்கும் ரிமோட்டில் ஓட்டுவதா, செல்போனில் ஓட்டுவதா, கம்ப்யூட்டரோடு இணைப்பதா? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், மருமகன் வேறொன்று சொல்கிறார்.

நான் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயின் சிக்னல் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். கொள்ளேகாலில் என் வீட்டுக்கு வந்து இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட நம் இதழில் எழுதினால் எல்லோருக்கும் உதவும் என்று இதழ்க் குழுவினர் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை பக்கமா என்று எண்ண வேண்டாம். நல்ல எஞ்சின் ஒன்று, நாலு பெட்டி, தண்டவாளம், கட்டுப்படுத்தும் கருவி என்று சேர்த்தால் நடுத்தரக் குடும்பத்தின் ஒரு மாதச் சம்பளத்தை அது விழுங்கிவிடும். தவறான கருவியை வாங்கினால் ஆறு மாதத்தில் எல்லாம் பரணுக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. மின்சாரம், இயந்திரம், பொறுமை ஆகிய மூன்றையும் குழந்தை தன் கையாலேயே கற்றுக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பும் கூடவே பரணேறிவிடும்.

ரயில் இல்லாத ஊரில் ரயில்

எங்கள் கொள்ளேகாலில் ரயில் நிலையம் கிடையாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. பிறகு மைசூர் மாவட்டத்தோடு இருந்தது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதில் சேர்ந்தது. பட்டு நெசவுக்குப் பெயர் போன ஊர். ஆனால் ரயிலேற வேண்டுமென்றால் பஸ் பிடித்துச் சாமராஜநகருக்கோ மைசூருக்கோ போக வேண்டும். பெங்களூருக்கு அருகில் உள்ள ஹெஜ்ஜாலாவிலிருந்து கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால், யளந்தூர் வழியாகச் சாமராஜநகர் வரை 142 கிலோமீட்டர் புதிய பாதை என்று 1996-97 ரயில்வே பட்ஜெட்டில் சேர்த்தார்கள். அப்போது பிறந்த குழந்தைகளுக்கே இப்போது குழந்தைகள் இருக்கின்றன. ரயில் மட்டும் வரவில்லை.

ஆகவே இங்குள்ள பிள்ளைகளுக்கு ரயிலைப் பக்கத்தில் காட்டுவதென்றால் 1979-இல் திறந்த மைசூர் ரயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். இல்லையென்றால் மேசை மேல் ஓட்டிக் காட்ட வேண்டும். மேசைக்கு வந்துவிட்டால் கட்டுப்படுத்தும் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

முதலில் பழைய முறை

இங்கிலாந்தின் லிவர்பூலில் மெக்கானோ விளையாட்டைக் கண்டுபிடித்த ஃபிராங்க் ஹார்ன்பி 1920-இல் ரயில் செட்டுகளை விற்கத் தொடங்கினார். ஜெர்மனியில் மேர்க்லின் நிறுவனம் அதற்கும் முன்பே, 1891-லேயே, அளவு வகுத்த தண்டவாளங்களோடு ரயில் செட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த நாள் எஞ்சின்கள் பெரும்பாலும் சாவி கொடுத்து ஓடியவை. பின்னாளில் மின்சாரம் வந்தது.

மின்சாரத்தில் எளிய முறை இதுதான். இரண்டு தண்டவாளங்களுக்கும் 12 வோல்ட் வரை டி.சி. மின்சாரம் கொடுக்கிறோம். சக்கரங்கள் வழியாக அது மோட்டாருக்குப் போகிறது. வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும். பிளஸ், மைனஸை மாற்றினால் எஞ்சின் பின்னால் போகும். திருகும் குமிழ் ஒன்று, முன்-பின் சுவிட்ச் ஒன்று, அவ்வளவுதான் கன்ட்ரோலர். ஏழு வயதுக் குழந்தைக்கும் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். மலிவு, பழுதும் குறைவு.

இதில் ஒரு குறை உண்டு. நாம் கட்டுப்படுத்துவது தண்டவாளத்தை, எஞ்சினை அல்ல. ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களை வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும், சேர்ந்தே நிற்கும். தனித்தனியே ஓட்ட வேண்டுமானால் பாதையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுவிட்ச் வைத்து, ரயில் போகப் போக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய மேசை என்றால் அடியில் ஒயர்கள் சேமியா போலத் தொங்கும்.

பிறகு வந்த டிஜிட்டல் முறை

1980-களின் இறுதியில் ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் 1990-களின் முற்பகுதியில் அதை அடிப்படையாக வைத்துப் பொதுத் தரத்தை வகுத்தது. அதன் பெயர் டி.சி.சி.

இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம், சுமார் 15 வோல்ட், ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மின்சாரமே கட்டளையையும் சுமந்து போகும். மின்சாரம் மிக வேகமாகத் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு அரைத் துடிப்பும் 58 மைக்ரோ நொடி நீடித்தால் அது 'ஒன்று'. சுமார் 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ நீடித்தால் 'சுழி'. நம் பழைய தந்தியில் கட்-கடா, குறில்-நெடில் இருந்ததல்லவா, அதே சங்கதிதான். எஞ்சினுக்குள் டிகோடர் என்ற சிறு சில்லு இருக்கும். ஒவ்வொரு டிகோடருக்கும் ஒரு எண். புதிதாக வாங்கும்போது பெரும்பாலும் 3 என்றிருக்கும், நாம் மாற்றிக்கொள்ளலாம். "எண் 12, முன்னால் போ, 40-ஆம் படி வேகம்" என்று கட்டளை போனால் பன்னிரண்டாம் எண் எஞ்சின் மட்டும் கேட்கும், மற்றவை சும்மா இருக்கும். வேகத்தில் 128 படிகள் வரை உண்டு. விளக்கு, ஹாரன் சத்தம் எல்லாம் இதே வழியில்தான்.

ஆக, இந்த முறையில் தண்டவாளத்துக்குக் கட்டளை அனுப்பும் பெட்டி ஒன்று வேண்டும். அதைக் கட்டளை நிலையம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலையத்திடம் நாம் எப்படிப் பேசுவது என்பதுதான் நம் கேள்வி. கையில் பிடிக்கும் பெட்டி வழியாகவா, செல்போன் செயலி வழியாகவா, கம்ப்யூட்டர் வழியாகவா?

மூன்றும் மூன்று உத்தியோகம்

நிஜ ரயில்வேயை நினைத்துப் பாருங்கள். ஒரு ரயில் ஓட மூன்று பேர் வேண்டும். எஞ்சினில் லோகோ பைலட். நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர். பாயின்ட்டையும் சிக்னலையும் அமைப்பவர் அவர். தூரத்து அலுவலகத்தில் செக்‌ஷன் கன்ட்ரோலர். எந்த வண்டி எங்கே காத்திருக்க வேண்டும், எது எதை முந்த வேண்டும் என்று சொல்பவர். மூவருக்கும் ஒரே கருவியைக் கொடுத்தால் வேலை நடக்காது.

மேசை ரயிலிலும் இதே கணக்குதான். கைப்பெட்டி லோகோ பைலட்டுக்கு உரியது. கம்ப்யூட்டர் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் கன்ட்ரோலருக்கும் உரியது. செல்போன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எதையும் ஓரளவு செய்யும், எதையும் முழுமையாகச் செய்யாது. எது உயர்ந்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, உங்கள் வீட்டுக் குழந்தை எந்த உத்தியோகம் பார்க்க ஆசைப்படுகிறது என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கைப்பெட்டி

கைப்பெட்டியில் இரண்டு வகை. சுருள் ஒயரோடு இணைந்தது ஒன்று, ஒயர் இல்லாதது ஒன்று. லென்ஸ், ரோகோ, டிஜிட்ராக்ஸ், என்.சி.இ. போன்ற நிறுவனங்கள் பலவிதமாகச் செய்கின்றன. எதுவானாலும் நடுவில் ஒரு குமிழோ சக்கரமோ இருக்கும். சிலவற்றில் பொத்தான்களும் உண்டு.

இதன் பெரிய நன்மை விரலுக்குத் தெரிவது. குமிழ் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதைப் பார்க்காமலேயே கை சொல்லிவிடும். ஆகவே கண் ரயிலின் மேலேயே இருக்கும். நம் ரயில்களில் லோகோ பைலட்டும் உதவியாளரும் சிக்னலைப் பார்த்து அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்வார்கள். கை கன்ட்ரோலரில், கண் பாதையில் என்பது அங்கே விதி. கைப்பெட்டி அந்தப் பழக்கத்தைக் குழந்தைக்குத் தானாகவே கற்றுக்கொடுக்கிறது.

1:87 அளவில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது மேசையில் நொடிக்குச் சுமார் 19 சென்டிமீட்டர்தான். பிளாட்பாரத்தில் பெட்டியின் கதவு சரியான இடத்தில் வந்து நிற்க வேண்டுமென்றால் அதைவிட மிக மெல்லக் குறைத்து வர வேண்டும். அதற்குக் குமிழைப் போல உதவும் பொருள் வேறில்லை.

குறைகள்: ஒரு பெட்டியில் பொதுவாக ஒருவர்தான் ஓட்ட முடியும். இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு பெட்டி வாங்க வேண்டும். திரை சிறியது, எண் மாற்றுவது போன்ற அமைப்பு வேலைகளுக்குப் பொத்தான்களை வரிசையாக அழுத்த வேண்டும், கையேடு இல்லாமல் நடக்காது. ஒரு நிறுவனத்தின் கைப்பெட்டி இன்னொரு நிறுவனத்தின் நிலையத்தோடு பெரும்பாலும் சேராது. தண்டவாளத்தில் போகும் மொழிக்குத்தான் பொதுத் தரம். பெட்டிக்கும் நிலையத்துக்கும் இடையிலுள்ள மொழி அவரவர் வீட்டுப் பேச்சு.

செல்போன் செயலி

செயலி வழியும் இரண்டு வகை. முதல் வகையில் செல்போன் வைஃபை மூலம் கட்டளை நிலையத்தோடு பேசும். 2012-இல் வந்த ரோகோவின் இசட்-21 இதற்குப் பெயர் பெற்றது. ஆண்ட்ராய்டு போனுக்கு 'எஞ்சின் டிரைவர்', ஐபோனுக்கு 'வை-த்ராட்டில்' என்ற செயலிகள் பலவித நிலையங்களோடு பேசும். இரண்டாவது வகையில் கட்டளை நிலையமே வேண்டாம். எஞ்சினுக்குள் இருக்கும் சில்லோடு செல்போன் புளூடூத்தில் நேரே பேசும், தண்டவாளம் மின்சாரம் மட்டும் கொடுக்கும். ஹார்ன்பியின் எச்.எம்.7000 இந்த வகை.

நன்மை தெளிவு. செல்போன் ஏற்கனவே வீட்டில் இருக்கிறது, புதிதாகக் கைப்பெட்டி வாங்கும் செலவு மிச்சம். திரையில் எஞ்சினின் படமும் பெயரும் தெரியும். நாலு பிள்ளைகள் வந்தால் நாலு போனில் ஓட்டலாம்.

குறையும் தெளிவு. கண்ணாடித் திரையில் விரலுக்கு ஒன்றும் தெரியாது. குழந்தை ரயிலைப் பார்க்காமல் திரையையே பார்க்கும். அந்த நேரத்தில் மாமா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், செயலி மறைந்துபோகும். தொடர்பு அறுந்தால் ரயில் நிற்குமா ஓடுமா என்பது செயலிக்குச் செயலி வேறுபடும். வாங்கும் முன் அதைச் சோதித்துக் கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மகன் விடுமுறையில் செட்டைக் கொண்டு வந்தார். தன் போனில் செயலியை ஏற்றிப் பதினைந்து நாள் மகனோடும் அண்ணன் பிள்ளைகளோடும் ஓட்டிக் காட்டினார். விடுமுறை முடிந்து விமானம் ஏறினார், போனும் கூடவே போயிற்று. தாத்தாவின் பழைய போனில் அந்தச் செயலி ஏறவில்லை. "ரயில் இங்கே இருக்கு, டிரைவர் பாஸ்போர்ட்டோட போயிட்டான் சார்" என்றார் தாத்தா. பிறகு பழைய டி.சி. கன்ட்ரோலர் ஒன்றைத் தேடி வாங்கலாமா என்று கேட்டார். அந்த எஞ்சினில் இருந்த சில்லு சாதா டி.சி.யிலும் ஓடக்கூடியது என்பதைக் கையேட்டில் பார்த்த பின்தான் சரி என்றேன். எல்லாச் சில்லும் அப்படி ஓடாது.

லெகோ ரயில் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. 2018-இல் லெகோ வெளியிட்ட ரயில்களில் புளூடூத் கைரிமோட்டும் உண்டு, செயலியும் உண்டு. சின்னப் பிள்ளைக்குக் கைரிமோட்டைக் கொடுங்கள், செயலியைப் பெரிய பிள்ளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர்

நம் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பதால் இந்தக் கதை அவர்களுக்கும் பிடிக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-இல் மாணவர்கள் மாடல் ரயில் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். மேசைக்கு அடியில் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சு ரிலேக்களைக் கோத்து, எந்த ரயிலை யார் ஓட்டுவது என்பதை டெலிபோன் டயலால் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ரிலே வேலையில் ஊறியவர்களே பிறகு அங்கு வந்த கம்ப்யூட்டர்களில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். 'ஹேக்கர்' என்ற சொல் கம்ப்யூட்டர் உலகுக்குப் போனது அந்தச் சங்கத்திலிருந்துதான்.

இன்று பலரும் பயன்படுத்துவது ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச மென்பொருள். பாப் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் தொடங்கியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சின்ன ராஸ்ப்பெர்ரி பை கம்ப்யூட்டரிலும் ஓடும். டிகோடரின் அமைப்புகளை மாற்ற ஒரு பகுதி, திரையில் ஸ்டேஷன் பேனல் வரைய ஒரு பகுதி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். செல்போன் செயலிகளும் இதன் வழியாக ரயிலை ஓட்டலாம். இந்த மென்பொருளின் கோப்புகளைப் பிறர் எடுத்துப் பயன்படுத்தியது பற்றிய வழக்கில், இலவசமாகக் கொடுத்தாலும் போட்ட நிபந்தனைகளுக்குச் சட்ட பலம் உண்டு என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. உலகெங்கும் திறந்த மூல மென்பொருள் எழுதுகிறவர்களுக்குத் துணையான தீர்ப்பு அது. அதற்குக் காரணம் பொம்மை ரயில் என்றால் நம்புவீர்களா?

கம்ப்யூட்டரின் பலம் பல வண்டிகளை ஒரே நேரத்தில் கவனிப்பது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2001-இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லேண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள் உள்ளன. அங்கே மனிதக் கையால் ஓட்டினால் ஒரு நாள் தாங்காது, ஆகவே கம்ப்யூட்டரே ஓட்டுகிறது.

ஆனால் கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. பாயின்ட்டைத் திருப்பு என்று தான் சொன்னது அதற்குத் தெரியும். பாயின்ட் திரும்பியதா என்று தெரியாது. ரயில் எங்கே நிற்கிறது என்றும் தெரியாது. அதைத் தெரிவிக்கத் தண்டவாளத்தின் ஒவ்வொரு துண்டிலும் மின்னோட்டத்தை உணரும் சிறு கருவிகள் வேண்டும். நிஜ ரயில்வேயில் இதையே டிராக் சர்க்யூட் என்கிறோம். 1872-இல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் கண்டுபிடித்தது, இன்றும் உலகெங்கும் உழைக்கிறது. இந்த உணர்கருவிகளின் செலவைக் கணக்கில் சேர்க்காமல் "மென்பொருள் இலவசம்தானே" என்று இறங்க வேண்டாம்.

கம்ப்யூட்டரை எவ்வளவு நம்பலாம்?

இந்திய ரயில்வேயில் கம்ப்யூட்டர் சிக்னல் முறை முதலில் வந்தது நம் ஸ்ரீரங்கம் நிலையத்தில், 1987-இல். அதற்கு முன் இரும்பு லிவர்களும் பிறகு ரிலேக்களும் செய்த வேலை அது. பாயின்ட் சரியாகப் பூட்டாமல் சிக்னல் பச்சை காட்டக் கூடாது என்பதே இன்டர்லாக்கிங்கின் உயிர்.

2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவின் பாகாநகா பஜாரில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரசுக்கு மெயின் லைனுக்கான சிக்னல் கிடைத்தது. பாயின்ட்டோ லூப் லைனுக்கு இருந்தது. வண்டி நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிக்னல் சர்க்யூட்டில் மாற்று வேலை செய்தபோது ஏற்பட்ட குறைகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. கருவி தனக்கு வந்த செய்தியை நம்பியது, செய்தியே தவறாக இருந்தது.

பொம்மை ரயிலைப் பேசுகிற இடத்தில் இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாளை நம் பிள்ளைகளில் ஒருவர் உண்மையான ரயிலுக்கோ விமானத்துக்கோ மருத்துவக் கருவிக்கோ மென்பொருள் எழுதுவார். "திரையில் பச்சை, ஆனால் பாயின்ட் வேறு பக்கம்" என்ற நிலையை மேசையில் ஒரு தரம் கண்ணால் பார்த்த பிள்ளை, சோதிக்காமல் எதையும் நம்பாது. அந்தப் பாடத்தைப் பொம்மை எஞ்சின் தடம் புரளும் விலைக்கே கற்றுக்கொள்ளலாம்.

யாருக்கு எது?

எட்டு வயதுக்குக் கீழ், ஒரு வட்டம், ஒரு எஞ்சின்: சாதா டி.சி. கன்ட்ரோலர் போதும். டிஜிட்டல் வேண்டாம்.

இரண்டு பிள்ளைகள், இரண்டு எஞ்சின், ஒரு லூப் லைன்: சிறிய டி.சி.சி. செட், ஒரு கைப்பெட்டியோடு. நிலையத்தில் வைஃபை வசதி இருந்தால் இரண்டாவது பிள்ளை செல்போனில் ஓட்டட்டும். சண்டை வராமல் அரை மணிக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டில் மின்னணுவியலில் ஆசையுள்ள கல்லூரிப் பிள்ளை இருந்தால்: ஆர்டுயினோ போர்டும் மோட்டார் ஷீல்டும் வாங்கி, டி.சி.சி.-இ.எக்ஸ். என்ற இலவச மென்பொருளை ஏற்றித் தானே கட்டளை நிலையம் செய்துகொள்ளலாம். கடை விலையோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு, கற்றுக்கொள்வது மிக அதிகம்.

தாத்தா பாட்டியும் சேர்ந்து ஓட்டும் வீடு: கட்டாயம் குமிழ் உள்ள கைப்பெட்டி. கண்ணாடி தேடாமலே ஓட்டலாம்.

சங்கம், பள்ளிக்கூடம் போன்ற பெரிய மேசை: கைப்பெட்டி இரண்டு, பேனலுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர், விருந்தினருக்குச் செல்போன். மூன்றும் வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. எஞ்சினில் உள்ள டிகோடர் பொதுத் தரமான டி.சி.சி.யா, அல்லது அந்த நிறுவனத்துக்கு மட்டும் உரியதா?

2. இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா? செயலி இல்லாவிட்டால் வேறு எதனால் ஓட்டலாம்?

3. எல்லா ரயிலையும் உடனே நிறுத்தும் அவசரப் பொத்தான் எங்கே?

4. பின்னால் கம்ப்யூட்டரோடு இணைக்க வழி உண்டா?

5. அடாப்டர் நம் ஊர் 230 வோல்ட்டுக்கு ஏற்றதா? அமெரிக்காவிலிருந்து வரும் சில அடாப்டர்கள் 120 வோல்ட்டுக்கு மட்டுமே. அதன் மேல் 100-240 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

சில எச்சரிக்கைகள்

வீட்டு மின்சாரம் நேரடியாகத் தண்டவாளத்தின் பக்கமே வரக்கூடாது. நிறுவனத்தின் அடாப்டரை மட்டும் பயன்படுத்துங்கள். டி.சி. கன்ட்ரோலரையும் டி.சி.சி. நிலையத்தையும் ஒரே தண்டவாளத்தில் ஒன்றாக இணைக்க வேண்டாம், கருவி கெட்டுப்போகும். டிகோடர் இல்லாத எஞ்சினை டி.சி.சி. தண்டவாளத்தில் நிறுத்தி வைத்தால் மோட்டார் முனகிச் சூடேறும்.

5 ஆம்பியர் நிலையம் என்றால் 15 வோல்ட்டில் 75 வாட். ஷார்ட் சர்க்யூட் ஆனால் பெட்டியின் பிளாஸ்டிக்கை உருக்க அது போதும். ஆகவே தண்டவாளம் போட்டு முடித்ததும் ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வையுங்கள். நிலையம் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மேசையின் எந்தப் பகுதியில் நிறுத்தவில்லையோ அங்கே ஒயர் மெல்லியது அல்லது இணைப்புத் தளர்ந்திருக்கிறது. மேசைக்கு அடியில் தடித்த ஒயர் ஒன்றை நீள ஓட்டி, மீட்டருக்கு ஒரு இடத்தில் தண்டவாளத்தோடு இணைத்தால் இந்தத் தொல்லை தீரும். எந்தக் கருவி வாங்கினாலும் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யாவிட்டால் பயனில்லை. "ஆப் சரியில்லை" என்று என்னிடம் வந்த புகார்களில் பல, அழுக்குத் தண்டவாளமும் தளர்ந்த இணைப்பும்தான். மெல்லிய துணியால் தண்டவாளத்தை அடிக்கடி துடையுங்கள்.

எங்கள் மேசை

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலரோடு சேர்ந்து ஒரு மேசை அமைத்திருக்கிறேன். அதில் ஹெஜ்ஜாலா-சாமராஜநகர் பாதையைத்தான் போட்டோம். 142 கிலோமீட்டரை 87-ஆல் வகுத்தால் 1,632 மீட்டர் வருகிறது. என் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிடும். ஆகவே நாலு நிலையங்களை மட்டும் வைத்து நடுவில் சுருக்கிவிட்டோம். ஒரு ஓரத்தில் சிவனசமுத்திர மின் நிலையத்தை அட்டையில் செய்து வைத்தார்கள். 1902-இல் அங்கிருந்து சுமார் 90 மைல் தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் போயிற்று. அந்தச் சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும் பகுதி நம் தமிழர்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

கட்டுப்பாடு எப்படி என்றால், ரயில் ஓட்டுகிறவர் இருவருக்கும் ஒயர் உள்ள கைப்பெட்டி. கொள்ளேகால் ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு பழைய லேப்டாப்பில் பேனல். அவர் பாயின்ட் அமைத்துச் சிக்னல் கொடுக்காமல் வண்டி உள்ளே வரக்கூடாது. செல்போன் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு. ஆனால் அவர்களுக்கு ஷண்டிங் எஞ்சின் மட்டும்தான். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி லேப்டாப் முன் உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, உங்க வண்டிக்கு இன்னும் லைன் கிளியர் ஆகலை, வெளிய நில்லுங்க" என்று என்னையே நிறுத்தி வைத்தாள். நிஜ ஸ்டேஷன் மாஸ்டர்களிடம் நான் கேட்ட அதே குரல்.

முடிவாகச் சொல்வது இதுதான். முதலில் குமிழ், கை பழகட்டும். அடுத்து இரண்டாவது ஆள், இரண்டாவது ரயில். அப்போது டிஜிட்டல். மூன்றாவதாக நிலையமும் சிக்னலும் வேண்டுமென்று பிள்ளையே கேட்கும், அப்போது கம்ப்யூட்டர். செல்போன் எந்தக் கட்டத்திலும் துணைக்கு வரலாம். ஆனால் அது ஒன்றையே நம்பி எஞ்சின் வாங்க வேண்டாம். அவசரப்பட்டு மூன்றையும் ஒரே நாளில் வாங்குவதைவிட, வருடத்துக்கு ஒரு படி ஏறுவது பர்ஸுக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது.

பரணில் தூங்கும் செட் ஏதும் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்குங்கள். தண்டவாளத்தைத் துடைத்து, நாணயத்தை வைத்துச் சோதித்து, பிள்ளையின் கையில் குமிழைக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.